அட்டைப் பெட்டியைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், வீட்டில் வீணாகும் பொருள்களைக் கொண்டு மழலையர் வகுப்புப் பிள்ளைகள் செய்யத்தக்க கைவினைகள் என்று ஒரு முழுப் பக்கம் வெளியாகியிருந்தது. முட்டைத் தட்டை வெட்டிச் செய்த கம்பளிப்புழு, அட்டைப் பெட்டியில் எழுப்பிய மாடி வீடு, ஐஸ் குச்சிகளால் ஆன ஊஞ்சல் ஆகிய மூன்றும் வண்ணப் படங்களில் அழகாகவே இருந்தன. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில், திருப்பூர் வட்டாரத்தில் முதலில் அங்கன்வாடிப் பணியாளராகவும் பின்னர் மேற்பார்வையாளராகவும் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மூன்று வயதுக் குழந்தையோ நான்கு வயதுக் குழந்தையோ அந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தானாகச் செய்துவிட முடியாது. செய்ய வேண்டிய தேவையும் இல்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு வேண்டியது முட்டைத் தட்டுதானே ஒழிய, முட்டைத் தட்டிலிருந்து நாம் செய்து கொடுக்கும் புழு அன்று.

என் பேரன் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறான். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கழிவுப் பொருளில் கலைப்பொருள் செய்யும் போட்டி திங்கட்கிழமை நடக்கும், சிறந்த மூன்றுக்குப் பரிசு உண்டு என்று பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் என் மருமகள், மறுநாள் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து திரும்பும் வழியில், தெர்மகோல் அட்டை, ஜிகினாத் தாள், பசை, ஒரு கட்டுப் பேப்பர் கப் ஆகியவற்றை 340 ரூபாய்க்கு வாங்கி வந்தாள். ஞாயிறு முழுவதும் தரையில் உட்கார்ந்து ஒரு காற்றாலையையும் அதைச் சுற்றி ஒரு வயலையும் செய்து முடித்தாள். நேர்த்தியான வேலை, இரண்டாம் பரிசும் கிடைத்தது. கத்தரிக்கோலை எடுக்காதே, பசையைத் தொடாதே என்று இரண்டு தடவை அதட்டு வாங்கிய பேரன் அன்றைய பொழுதைத் தொலைக்காட்சி முன்னால் கழித்தான். அந்தக் காற்றாலை இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “இது யாரு கண்ணு செஞ்சது?” என்று கேட்டதற்கு, “அம்மா செஞ்சது, தொட்டா உடைஞ்சுரும்” என்றான்.

மருமகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளி கேட்டது ஒரு பொருளை. அதை அவள் கொடுத்தாள். ஆனால் அதில் கழிவு என்று சொல்ல வீட்டில் கிடந்த ஒரு காலி அட்டைப் பெட்டியின் அடிப்பாகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் இருக்கிறது என்பதையும், மறுபயன்பாட்டின் பெயரால் அதைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வைக்கிறோம் என்பதையும் பள்ளி நிர்வாகங்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. வெறும் அட்டைப் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போனால் காகித ஆலைக்குத் திரும்பும். அதன் மேல் தெர்மகோலையும் ஜிகினாவையும் பசையால் ஒட்டிவிட்டால் எந்தப் பழைய பேப்பர்க்காரரும் அதை எடுக்கமாட்டார். நேராகக் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். குழந்தை நான்கு நாள் அதற்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டிவிட்டுக் கைவிட்ட பெட்டியோ, சற்று நசுங்கியிருக்குமே தவிர, அப்போதும் அட்டையாகவே இருக்கும்.

இதே தவற்றை வேறு விதத்தில் நானும் செய்திருக்கிறேன். மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு பெற்ற புதிதில், பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் நெருங்கி வாழும் ஒரு குடியிருப்பின் அங்கன்வாடி மையத்தைப் பார்வையிடச் சென்றேன். மூலையில் நூல் கோன்களும் தேங்காய்ச் சிரட்டைகளும், பனியன் வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் துணியும் குவிந்து கிடந்தன. திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கோன் என்பது நூற்பாலையிலிருந்து நூல் சுற்றி வரும் கூம்பு வடிவ அட்டை. முக்கால் சாண் உயரம் இருக்கும். நூலின் ரகம் தெரிவதற்காக நுனியில் வண்ணம் தீட்டியிருப்பார்கள். நூல் தீர்ந்ததும் கோன்கள் எடைக்குப் போகும். வேலைக்குப் போகும் தாய்மார் கேட்டு வாங்கி நாலைந்தை வீட்டுக்கும் கொண்டு வருவதுண்டு. அந்தக் குவியலைப் பார்த்த நான், பார்வையாளர் பதிவேட்டில் ‘மையம் தூய்மையாக இல்லை, தேவையற்ற பொருள்களை உடனே அப்புறப்படுத்தவும்’ என்று எழுதிவிட்டு வந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரான அந்தப் பணியாளர், “சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் நான் சற்று முன்னதாகவே, சொல்லாமல் போனேன். எல்லாப் பொருள்களும் பொருள் வைப்பறையிலிருந்து மீண்டும் வெளியே வந்திருந்தன. கண்டிக்கும் நினைப்போடு வாசலிலேயே நின்றவள், நின்றபடியே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தை ஒருத்தி, நான்கு வயதிருக்கும், சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவள் மூன்று கோன்களை நெருக்கி நிறுத்தி, அவற்றின் நுனிகளின் மேல் ஒரு சிரட்டையை ஏற்றி வைத்து, குனிந்து வாயைக் குவித்து ஊதினாள். அவ்வளவுதான், அது அடுப்பு என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் கட்டிங் துணியின் நீளமான ஓரங்களை விறகாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் ஒரு பையன் வந்து கோன்களைப் பிடுங்கி, இது கோபுரம், இதில் சமைக்கக் கூடாது என்றான். அழுகையும் தள்ளுமுள்ளுமாக ஆகிவிடும் என்று நான் உள்ளே அடியெடுத்து வைத்தபோது, பணியாளர் என்னைப் பார்த்துப் பொறுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் இழுபறி செய்தார்கள். பிறகு இன்னொரு பெண், “கோயில்லதான் சோறு போடுவாங்கல்ல?” என்று கேட்டாள். வழக்கு தீர்ந்தது. கோபுரம் அந்தப் பக்கமும் அடுப்பு இந்தப் பக்கமுமாக அமைந்து, பன்னிரண்டு பேரும் வரிசையாகப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறியவள் அந்த ஒடிசாக் குழந்தை. ஒருவன் இலையை மறைத்துக் கையை விரித்து “போதும், போதும்” என்று சொல்ல, அவள் விடாமல் இன்னும் ஒரு கை போட்டாள். அடுத்த ஆளிடம் போய், “போதும்?” என்று கேட்டாள்.

பதிவேட்டில் எழுதியதை அடிப்பதற்கு விதி இடம் கொடுக்காது. ஆகவே அதற்குக் கீழே, ‘மேற்கண்ட பொருள்கள் முன்பருவக் கல்விக்குப் பயன்படுகின்றன’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான் அன்று பார்த்தது என்ன என்பதை விளக்க முயல்கிறேன்.

தமிழில் பொருள் என்ற ஒரே சொல் பண்டத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். பாவனை விளையாட்டில் குழந்தை செய்வது இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுப்பது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதைக் குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைக் கொண்டு விளக்கினார்: கையில் இருப்பது குச்சி, மனத்தில் இருப்பது குதிரை, கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டுமே கட்டுப்பட்டிருந்த குழந்தை, தெரியாத ஒன்றைக் கருதி நடக்கத் தொடங்கும் இடம் அது. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று கால் சிறுதேரைக் குதிரை இல்லாமலே உருட்டினார்கள் என்று பட்டினப்பாலை சொல்வதைப் படிக்கும்போதெல்லாம், குதிரை எங்கே இருந்தது என்பது அந்தப் புலவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மூன்று கோன் அடுப்பைக் குறிக்கும் என்று ஒப்புக்கொள்ளும் மனந்தான், பின்னாளில் வளைந்த ஒரு கோடு ‘அ’ என்ற ஒலியைக் குறிக்கும் என்று ஒப்புக்கொள்ளப் போகிறது. எல்.கே.ஜி.யிலேயே இரண்டு பக்கம் எழுத்து எழுதவில்லையே என்று கவலைப்படும் பெற்றோர்களிடம் நான் சொல்லி வந்தது இதைத்தான்; ஏற்றுக்கொண்டவர்கள் சிலரே.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் அடுப்பில் இது நடக்காதா என்று கேட்கலாம். நடக்கும், கொஞ்சமாக. அந்த அடுப்பு அடுப்பாகவே பிறந்தது. அதைக் கோபுரமாக்குவது கடினம். கோனுக்கு அப்படித் தலையெழுத்து ஒன்றும் இல்லை. ஆங்கிலேயக் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு சூழலில் நகர்த்தவும் சேர்க்கவும் மாற்றவும் இடங்கொடுக்கும் உதிரிப் பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே புதிது புனையும் வாய்ப்பும் இருக்கும் என்று வாதிட்டார். எந்தப் பொருளையும் முழுதாகத் தீர்ந்து போகும்வரை பயன்படுத்தும் நம் வீடுகளில் உதிரிப் பொருளுக்கா பஞ்சம்? கல்யாணப் பத்திரிகை, பிஸ்கட் அட்டை, காலண்டர் அட்டை, சிரட்டை, எண்ணெய்க் கேன் மூடி, கிழிந்த வேட்டி, துண்டு என்று எடுத்து வைத்தால் ஒரு வாரத்தில் ஒரு கூடை நிறையும்.

கழிவுப் பொருளில் விளையாட்டுச் சாமான் என்றதும் அரவிந்த் குப்தாவின் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. ஐ.ஐ.டி. கான்பூரில் பொறியியல் படித்துவிட்டு, சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சியையும் கொண்டு நாட்டின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் செய்து காட்டியவற்றில் பெரும்பாலானவை சுழல வேண்டும், பறக்க வேண்டும், ஒலிக்க வேண்டும். ஏன் சுழல்கிறது என்று கேட்கும் வயதுப் பிள்ளைகளுக்கு உரியவை. மூன்றரை வயதுப் பிள்ளையின் வண்டி ஓட வேண்டியதில்லை. அதற்குச் சக்கரமே வேண்டியதில்லை. வாயால் ‘டுர்ர்’ என்றால் ஓடிவிடும். நாம் சக்கரம் ஒட்டிக் கொடுப்பது பெரும்பாலும் நம் திருப்திக்காகத்தான்.

அப்படியானால் பெரியவர்களுக்கு வேலை இல்லையா என்றால், இருக்கிறது. பெட்டியில் குழந்தை காட்டும் இடத்தில் ஓட்டை போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஓட்டை கதவா, ஜன்னலா, முதலையின் வாயா என்பதை முடிவு செய்வது பிள்ளைகள் பாடு. மூன்று வயதில் காகிதத்தைக் கிழிப்பார்கள். நான்கில் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் பட்டை பட்டையாக வெட்டத் தொடங்குவார்கள். இரண்டுமே விரல்களுக்கு நல்ல வேலை. மைதாவைக் கொதிநீரில் கிளறிய பசையே போதும், அவசரத்துக்குச் சோற்றுப் பருக்கையும் ஒட்டும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள்; அது நஞ்சு, அந்தப் பழக்கம் குழந்தைகளிருக்கும் இடத்துக்கு வரவே கூடாது. இவையெல்லாம்விட முக்கியமானது நாம் கேட்கும் கேள்வி. “இது என்ன?” என்று கேட்டால் குழந்தை நம் முகத்தைப் பார்த்து நமக்குப் பிடித்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துவிடும். “இங்க என்ன நடக்குது?” என்று கேட்டால் கதை வரும். யானைக்கு நான்கு கால் அல்லவா இருக்க வேண்டும் என்று திருத்தப் போனால் இரண்டும் வராது. ஒரு மையத்தில் நான் அப்படித் திருத்தியபோது, “அது படுத்திருக்குது” என்று பதில் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் திருத்துவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தாராளம் காட்டக் கூடாது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டுக் கூடையில் கிடப்பவற்றுக்கு அந்த முத்திரையைக் குத்த வேண்டியவர் வீட்டுப் பெரியவரே. சோதனைச் சாலைகளில் சிறு குழந்தை விழுங்கிவிடக்கூடிய பொருளைக் கண்டறிய, ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள்; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்குப் போகக் கூடாது. வீட்டில் மூத்த பிள்ளை விளையாடும்போது தவழும் தம்பியோ தங்கையோ பக்கத்தில் இருந்தால் குளிர்பான மூடிகளையும் பொத்தான்களையும் எடுத்துவிட வேண்டும். பழைய பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் இருக்கும் வட்டமான பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். அது கூடைக்குள் வரவே கூடாது. தலையில் மாட்டிக்கொள்ளத் தோன்றும் பாலித்தீன் பைகள், மூக்கில் போய்விடும் தெர்மகோல் மணிகள், விளிம்பு கூரான டின்கள், பூச்சிமருந்து, மாத்திரை, கழிவறைத் திரவம் இருந்த டப்பாக்கள் ஆகியவற்றையும் தள்ளிவிட வேண்டும். கழுவினால் போதும் என்று நினைக்கக் கூடாது. அட்டைப் பெட்டியிலிருந்து ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கிவிட வேண்டும். முட்டைத் தட்டில் எச்சமோ உடைந்த முட்டையின் கறையோ இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு தட்டைத் தேடலாம். சுத்தமாகத் தெரியும் தட்டானாலும் விளையாடியபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்க வேண்டும். தங்கள் இணைப்பில் வந்த பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை வருத்தத்துடன் சுட்டிக்காட்டுகிறேன்.

மழலையர் பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் எளியது. இத்தகைய போட்டியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீடுகளிலிருந்து பொருள்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் வகுப்பிலேயே கொட்டிவிடுங்கள். பரிசு வேண்டாம், பரிசு என்றதும் பெற்றோரின் கை உள்ளே வந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் முடிந்ததும் கட்டியதையெல்லாம் கலைக்கச் சொல்லாமல், ஒரு மூலையில் மறுநாள்வரை நிற்கவிட முடிந்தால் இன்னும் நல்லது. நேற்றைய கோயிலைத் தேடிக்கொண்டு காலையில் ஓடி வரும் குழந்தையை வாசலில் யாரும் இழுத்துப் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருக்காது.

அரசுத் துறையிடமும் ஒன்று கேட்க வேண்டும். 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே அதன் ஆறு சேவைகளில் ஒன்றாக முன்பருவக் கல்வியும் இருந்தது. தமிழகத்தில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. எடை, உயரம், சத்துமாவு இருப்பு, முட்டைக் கணக்கு என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் பார்த்துச் சரி செய்யும் மேற்பார்வையாளர்களுக்கு, பிள்ளைகள் விளையாடும்போது மையம் எப்படி இருக்கும் என்பதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முட்டை வழங்கும் மையங்களில், முப்பது குழி உள்ள அந்த முட்டைத் தட்டு மலிவாகக் கிடைக்கும் நல்ல பொருள். ஆய்வுக்கு வரும் அதிகாரி அதைக் குப்பை என்று எழுதிவிடுவாரோ என்று அஞ்சி அன்று காலையே அதை ஒளித்து வைக்கும் பணியாளர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அஞ்சக் காரணமாக இருந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

இறுதியாகத் தங்களுக்கு. அந்தப் பக்கம் தொடர்ந்து வர வேண்டும் என்றே விரும்புகிறேன். பெரியவர்கள் செய்து முடித்த மாதிரிகளுக்குப் பதிலாக, குழந்தைகள் தாங்களே கட்டியவற்றின் படங்களை வாசகர்களிடமிருந்து கேட்டு வாங்கி வெளியிடலாம். குழந்தையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம்; வயதை மட்டும் போட்டு, படத்துக்குக் கீழே அது என்ன என்று அந்தக் குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே அச்சிடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் வாசகர்கள் கண்ணுக்கு மூன்று கோனும் ஒரு சிரட்டையும் மட்டுமே தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர்,
திருப்பூர்.